பாப்பம்மா உப்புப் பார்க்காத கஞ்சி

கம்பளையிலிருந்து கண்டிக்குப் போகும் பஸ்ஸில் ஏறி, பாலத்தடிச் சந்தியில் இறங்கி, இங்கே நல்ல சமையல்காரர் யார் என்று கேட்டுப் பாருங்கள். சூரியன் எந்தப் பக்கம் உதிக்கும் என்று கேட்ட ஆளைப் பார்ப்பது போல உங்களை மேலும் கீழும் பார்ப்பார்கள். ஃபாஸில் நானா இருக்கிற ஊரில் அது ஒரு கேள்வியா?

முஸ்லிம் ஆட்கள் அண்ணனை நானா என்பார்கள்; இவர் ஊருக்கே நானா. எழுத்துக் கூட்டித்தான் அவர் பேப்பர் வாசிப்பார். மூன்றாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. முடித்து வைத்தது பசி. கண்டியில் ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்பக்கம் குந்தியிருந்து கோப்பை கழுவியவர், அந்தக் கையாலேயே வெங்காயம் உரித்து, அடுப்படிக்கு நகர்ந்து, ஒருநாள் தலைமைச் சமையல்காரன் காய்ச்சலில் விழுந்தபோது அகப்பையைக் கையில் எடுத்தவர். யாரும் கூப்பிட்டு வைத்துச் சொல்லிக் கொடுக்கவில்லை. எல்லாம் கண்ணால் திருடிய வித்தை. இன்றைக்குக் கல்யாண வீட்டில் சஹன் வைக்க வேண்டுமென்றால், அதாவது ஒரு பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து ஒன்றாகக் கை போட்டுச் சாப்பிட வேண்டுமென்றால், மண்டபத்துக்குச் சொல்வதற்கு முன்னால் ஃபாஸில் நானாவுக்குச் சொல்லி வைப்பார்கள். இதை அவரே சொல்லுவார். அடுத்தவர் புகழட்டும் என்று காத்திருக்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது.

"என்ட கையால திண்டவன் பொறகு வேற கையால திண்டா, அது அவனுக்கு மருந்து குடிச்ச மாதிரித்தான்" என்பார்.

பெருமை பேசுகிற மனிதர்தான். பேசட்டுமே. சொந்தக் காலில் எழும்பி நின்றவன் பேசாமல், வாப்பாவின் கடையில் போய்க் குந்தியவனா பேசுவான்?

ஆனால் அவருடைய பேர் ஊருக்குள் நின்றது கல்யாணச் சோற்றால் அல்ல. நோன்புக் கஞ்சியால். நோன்பு மாதம் பிறந்தால் பாலத்தடிப் பள்ளிவாசலின் பின்வளவில் அடுப்பில் பெரிய கிடாரம் ஏறும். அரிசி, பயறு, உள்ளி, இஞ்சி, ரம்பை, வெந்தயம், கடைசியில் கட்டித் தேங்காய்ப்பால். நோன்பு பிடித்தவர்களுக்கு மட்டுமான கஞ்சி என்று அதை யாரும் நினைத்தது கிடையாது. மாலையானால் சந்தியில் இருக்கிற சிங்களவர், பின்னால் தோட்டத்து லய வீட்டு வரிசையில் இருக்கிற தமிழர் எல்லோரும் தூக்குச்சட்டியோடு வாசலில் நிற்பார்கள். அவர்களுக்கு மாட்டெலும்பு ஆகாது என்பதால், முதலில் வெறும் கஞ்சியாகக் காய்ச்சி அவர்களுடைய பங்கை வேறு பானையில் எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தில்தான் எலும்புச்சாறு ஊற்றுவார். பள்ளிக்காரருக்குக் கொஞ்சம் பிந்திக் கிடைக்கும். பிந்தட்டும். வாசலில் நிற்கிறவன் விருந்தாளி.

இதில் ஒரு சிக்கல் உண்டு. கஞ்சி காய்ச்சுகிறவரும் நோன்பு. வாயில் வைத்து உப்புப் பார்க்க முடியாது. நாக்கு நுனியில் தொட்டுத் துப்பலாம், அதற்கு இடமிருக்கிறது என்று மௌலவி சொல்லியிருக்கிறார். ஃபாஸில் நானா அதை ஏற்கவில்லை. நாக்கு நுனியால் பார்த்தால் உப்புத் தெரியும், கஞ்சி தெரியாது என்பது அவருடைய கட்சி. பள்ளியில் அவர் அகப்பை பிடித்த முதல் வருஷம், கண் திட்டத்தில் உப்பை அள்ளிப் போட்டுவிட்டார். நோன்பு திறந்தவர்கள் எல்லோரும் தண்ணீருக்கு ஓடினார்கள். மறுநாள் வாசலில் நின்ற ஒரு பெண்பிள்ளை, சந்தியில் கீரையும் வெற்றிலையும் விற்கிறவள், சத்தமாகவே கேட்டாள். "ஏன் நானா, கடல அள்ளிக் கரைச்சிட்டீங்களா?"

வரிசை முழுக்கச் சிரித்தது. ஃபாஸில் நானாவுக்கு முகம் சிவந்தது. ஆனால் அடுத்த நாள் பின்னேரம், அஸர் தொழுகைக்கு முன்னால் அவளைப் பின்வளவுக்குக் கூப்பிட்டு, கோப்பையில் ஒரு அகப்பை ஊற்றிக் கொடுத்து, பார்த்துச் சொல் என்றார். அவள் ஊதி ஊதிக் குடித்து, உதட்டைச் சப்பி, இன்னும் ஒரு கை போடலாம் என்றாள். போட்டார். அந்தக் கஞ்சியைப் பற்றி ஊர் ஒரு கிழமை பேசியது.

அவள்தான் பாப்பம்மா. மடுல்கெல்லைத் தோட்டத்தில் பிறந்து, கல்யாணம் கட்டி இங்கே வந்தவள். கோயிலுக்குப் போகிறவள், நெற்றியில் திருநீறு இல்லாமல் வெளியே வராதவள். அன்றையிலிருந்து ஒவ்வொரு நோன்புக்கும், எலும்புச்சாறு ஊற்றுவதற்கு முன்னால், பள்ளிக் கஞ்சிக்கு உப்புப் பார்த்தது அவளுடைய நாக்கு. அவள் சரி என்று சொன்ன பிறகுதான் அகப்பை வாசலுக்கு வரும். புருஷன் செத்த வருஷமும் துக்கம் கழிந்ததும் வந்தாள். ஊரில் அதைப் பெரிதாக யாரும் பேசியதில்லை. மழை பெய்வதைப் பற்றி யார் பேசுவார்கள்?

பேச வந்தவர்கள் வெளியூர்க்காரர்கள்.

ஈஸ்டர் குண்டுகள் வெடிப்பதற்கு இரண்டு வருஷம் முந்தின நோன்பு அது. மூன்று பையன்கள் பள்ளிக்குப் பின்னால் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து வகுப்பு நடத்தத் தொடங்கியிருந்தார்கள். முதலில் நபி புகழ் பாடுகிற மௌலூது ஓதுவது பிழை என்றார்கள். பிறகு கந்தூரிச் சோறு கொடுப்பது பிழை. ஊர் கொஞ்சம் முணுமுணுத்துவிட்டு விட்டது. ஒருநாள் மூன்று பேரும் அடுப்படிக்கே வந்தார்கள். பாப்பம்மா உப்புப் பார்த்துவிட்டு அப்போதுதான் போயிருந்தாள். அவள் குடித்து வைத்த கோப்பையைக் காட்டி, அவளைப் பற்றியும், அவள் வாயைப் பற்றியும், அவளைப் போன்றவர்களை என்ன செய்ய வேண்டும் என்பதைப் பற்றியும் ஒருவன் பேசினான். அந்தப் பேச்சு இங்கே வேண்டாம். நல்ல பேப்பரில் எழுதுகிற பேச்சல்ல அது.

ஃபாஸில் நானா கொதிக்கிற கிடாரத்திலிருந்து அகப்பையை எடுத்தார். நோன்பு பிடித்த வாயால் இதைப் பேசுகிறாயா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். பதிலுக்கு நிற்கவில்லை. சுடுகஞ்சி சொட்டச் சொட்ட அந்த அகப்பையோடு மூன்று பேரையும் வளவைத் தாண்டி, றோட்டைத் தாண்டி, பாலத்தின் மறுபக்கம் வரைக்கும் துரத்தினார். அப்போது அவருக்கு அறுபது வயது கடந்திருந்தது. ஒரு காலில் செருப்பும் இல்லை.

அதோடு விட்டிருந்தால் அது கோபம். அவர் விடவில்லை. அந்த வகுப்பில் உட்கார்ந்த ஊர்ப் பிள்ளைகளைப் பிடித்து, உள்ளே என்ன பேசுகிறார்கள் என்று விசாரித்தார். அடுப்படியில் பேசியதைவிடப் பெரிய பேச்சு அங்கே நடந்திருந்தது. மறுநாளே பள்ளி நிர்வாகச் செயலாளர் அஸ்ஃபரைக் கூட்டிக்கொண்டு பொலிஸுக்குப் போய் முறைப்பாடு கொடுத்தார். அங்கே கேட்டு எழுதிக்கொண்டார்கள். நிர்வாகம் கூடி, அந்தப் பையன்கள் பள்ளிக்குள் கால் வைக்கக் கூடாது என்று தீர்மானித்தது. வீட்டுக்காரர் வீட்டைத் திருப்பி எடுத்தார். பெருநாளைக்கு முன்னால் அவர்கள் ஊரை விட்டே போய்விட்டார்கள்.

இவ்வளவும் செய்தவர்கள், கூடவே ஒரு பிழையும் செய்தார்கள். எங்கள் மக்களுக்குக் கைவந்த பிழை அது. வெளியே யாருக்கும் சொல்லக் கூடாது என்று முடிவெடுத்தார்கள்.

"எங்கட ஊட்டுக் குப்பைய நாங்க கூட்டியாச்சி" என்றார் அஸ்ஃபர். படித்தவர், கண்டியில் கணக்காளராக இருக்கிறவர். "அத றோட்டுல கொண்டு போய்க் காட்ட ஏலா. ஊருக்குக் கேவலம்."

சரி என்று ஃபாஸில் நானாவும் தலையாட்டினார். அவருக்கு ஊர்க் கேவலம் பெரிதில்லை. பாப்பம்மாவிடம் போய், உன் வாயைப் பற்றி ஒருவன் இப்படிச் சொன்னான் என்று எந்த முகத்தோடு சொல்லுவது? விரட்டிய கதையைச் சொன்னால், எதற்கு விரட்டினீர்கள் என்று அவள் கேட்பாளே. அதனால் எலுமிச்சம்பழம் வாங்கியதைக்கூட நான்கு பேரிடம் பெருமையாகச் சொல்லுகிற மனிதர், தன் வாழ்நாளில் செய்த பெரிய காரியத்தைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை.

பிறகு இரண்டாயிரத்துப் பத்தொன்பது ஏப்ரல் வந்தது. ஈஸ்டர் ஞாயிறு. சர்ச்சுகளில் குண்டு வெடித்தது, வைத்தவர்கள் முஸ்லிம் பேர் கொண்ட ஒரு கூட்டம்.

பாப்பம்மாவுக்கு ஒரு மருமகள் இருந்தாள், தம்பி மகள், நிஷாந்தினி என்று பெயர். தாய் வெளிநாட்டுக்கு வேலைக்குப் போனதால் சின்ன வயதிலிருந்து பாப்பம்மா வீட்டில்தான் வளர்ந்தாள். கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை. வேதக்காரப் பிள்ளை இல்லை. ஆனாலும் கூட வேலை செய்கிற சிநேகிதியோடு அன்றைக்குக் காலையில் மெழுகுவர்த்தி கொளுத்தச் சர்ச்சுக்குப் போயிருந்தாள். இரண்டு பேரும் திரும்பவில்லை.

பெட்டியில் வைத்து மூடித்தான் கொண்டுவந்தார்கள்.

அந்த நாட்களில் முஸ்லிம் ஆட்கள் றோட்டில் இறங்கவே யோசித்தார்கள். முந்தின வருஷம் திகனப் பக்கம் முஸ்லிம் கடைகளில் பற்றிய தீ ஒருவருக்கும் மறக்கவில்லை. பள்ளிவாசலில் வெள்ளைக் கொடி கட்டியிருந்தது. குண்டு வைத்தவர்களைக் கண்டித்து மூன்று மொழியிலும் எழுதிய பெரிய பனரையும் அஸ்ஃபர் வாசலில் தொங்கவிட்டிருந்தார். அதற்குக் கீழால் ஆட்கள் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். போகிற போக்கில் பனர் வாசிக்கிறவன் யார்?

ஃபாஸில் நானா மரண வீட்டுக்குப் போனார். மனைவி சகீனாவும் கூடவே போனார். வேண்டாம், ஆட்கள் சூடாக இருக்கிறார்கள் என்று அஸ்ஃபர் மறித்தும் பார்த்தார். அந்தப் பிள்ளை கஞ்சிச் சட்டியைத் தூக்க முடியாத வயதில், பாப்பம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு அடுப்படிக்கு வந்தவள். அவளுக்குப் போகாமல் வேறு யாருக்குப் போவது?

வாசலில் பாப்பம்மாவின் மகன் மோகனராஜ் நின்றார். கண்டி பஸ்ஸில் கண்டக்டர். எந்த நாளும் ஃபாஸில் நானாவைப் பார்த்தால் சீட் பிடித்துக் கொடுக்கிறவர். அன்றைக்கு உட்காரக் கதிரை காட்டவில்லை. மோகனராஜ் குரலை உயர்த்தவும் இல்லை.

"இத்தன வருசமா ஒங்க கஞ்சிய குடிச்சோம் நானா. ஒங்க ஆளுங்களுக்குள்ள இப்படி ஒரு கூட்டம் இருக்குதுன்னு ஒங்களுக்குத் தெரியாதா? ஒருத்தராச்சும் வாயத் தொறந்தீங்களா?"

பதில் ஃபாஸில் நானாவின் தொண்டை வரைக்கும் வந்தது. நாங்கள் சொன்னோம். போய்ச் சொன்னோம். அடித்து விரட்டினோம். எல்லாம் அப்படியே நுனி நாக்கில் நின்றது. மோகனராஜின் தோளுக்குப் பின்னால் அந்தப் பெட்டி தெரிந்தது. பெட்டிக்குப் பக்கத்தில் பாப்பம்மா தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஃபாஸில் நானா பதிலை விழுங்கிவிட்டார். பேசாமல் ஒரு ஓரமாக நின்று, பெட்டியை எடுக்கிற வரைக்கும் இருந்து, பேசாமல் வீடு வந்தார்.

பேசாமல் நிற்கிறவனைப் பார்த்து ஊர் என்ன நினைக்கும்? குற்றமுள்ளவன் நிற்கிறான் என்றுதான் நினைக்கும். நினைத்தது.

அதற்கு அடுத்த மாதம் நோன்பு பிறந்தது. வெளி ஆட்களுக்குக் கஞ்சி இந்த வருஷம் வேண்டாம், யாரும் வரவும் மாட்டார்கள் என்று நிர்வாகத்தில் சிலர் சொன்னார்கள். ஃபாஸில் நானா வழக்கமான அளவுக்கே அரிசி கழுவினார். அஸருக்கு முன்னால் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்தார். பாப்பம்மா வரவில்லை. எதிர்ப்பக்கம் அவளுடைய கீரைக்கடை திறந்திருந்தது. அவள் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

அன்றைக்குக் கஞ்சி உப்பே இல்லாமல் போனது. மறுநாள் உப்புக் கூடியது. வாசலில் ஒருநாள் நான்கு சட்டி வந்தது, இன்னொரு நாள் ஒன்றும் வரவில்லை; அதனால் கிடாரத்தின் அளவு நாளுக்கொரு விதமாக மாறி, கைக்கணக்கும் பிழைத்தது. ஆட்டோ ஸ்டாண்டில் சுதேஷ் என்கிற சிங்களப் பொடியனும் கூட்டாளிகளும் புதிதாக ஒரு கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு ஒரு பானை, நமக்கு வேறு பானை, அது ஏன்? முஸ்லிம் கடைச் சாப்பாட்டில் பிள்ளை உண்டாகாமலிருக்க மாத்திரை போடுகிறார்கள் என்ற கதை முந்தின வருஷம் நாடெல்லாம் ஓடியது. அந்தக் கதை இப்போது பாலத்தடிக்கும் வந்து சேர்ந்தது. ஊர் மரியாதைக்காகப் பிரித்து வைத்த பானை, அதே ஊருக்குச் சந்தேகப் பானை ஆயிற்று.

பள்ளிக்குள்ளும் முணுமுணுப்புக் கிளம்பியது. பகல் முழுக்கப் பட்டினி கிடந்தவனுக்கு நோன்பு திறக்கக் கிடைப்பது ஒருநாள் கடல், ஒருநாள் கழனித் தண்ணீர் என்றால் அவன் என்ன செய்வான்? அஸ்ஃபர் வந்து நல்லவிதமாகத்தான் பேசினார். உப்புப் பார்க்க வேறு ஆளா இல்லை? சீனி வருத்தத்தால் நோன்பு பிடிக்காத ஒரு ஹாஜியார் இருக்கிறார், அவரைக் கூப்பிடலாம் என்றார்.

"அவருக்கு உப்பும் தெரியா, சீனியும் தெரியா" என்றார் ஃபாஸில் நானா. "டொக்டர் ரெண்டையும் நிப்பாட்டி எத்தன வருஷம்?"

"அப்ப நீங்களே நாக்குல தொட்டுப் பாருங்கொ நானா. மார்க்கத்துல எடமீக்கி."

"பாக்கிற ஆள் வருவா."

"வரல்லாட்டி?"

"வரல்லாட்டி இப்பிடித்தான் குடிக்கணும்."

அஸ்ஃபருக்குப் பொறுமை போயிற்று. அக்குறணையிலிருந்து வேறு சமையல்காரரைக் கூப்பிடப் போகிறோம், அடுத்த வெள்ளிக்குள் கஞ்சி சரியாகாவிட்டால் அகப்பையைக் கொடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இதன் எடை என்ன என்று கைப்பக்குவத்தால் மேலே வந்தவனுக்குத்தான் விளங்கும். காணி போனால் வாங்கலாம். கைக்குப் பேர் போனால் என்ன மிச்சம்? ஃபாஸில் நானாவின் கஞ்சி வாய்க்கு வைக்க முடியவில்லை என்று சின்னப் பிள்ளைகளும் சிரித்தார்கள். தன் கையைப் பற்றி ஒரு சொல் குறைத்துச் சொன்னால் மூன்று நாள் பேசாமல் இருக்கிற மனிதர், அதையெல்லாம் தலைக்கு மேலால் போகவிட்டார். பாப்பம்மாவின் இடத்தில் வேறு ஒருவரை வைப்பது, மோகனராஜ் கேட்டது சரி என்று ஒப்புக்கொள்வது போல அவருக்குப் பட்டது. ஒரு நாக்கை மாற்றிவிடலாம். அதற்குப் பிறகு அந்தக் கோப்பை வெறும் கோப்பை.

சகீனாவால் இதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. வீட்டுக்குள்ளேயே சண்டை தொடங்கியது.

"இஞ்ச பாருங்கொ, ஜஹானாட வாப்பா. பெருமைக்கு மட்டும் வாய் கிழியிது. செல்ல வேண்டியதச் செல்ல ஏலாதா?" என்று பிள்ளையின் பேரால் புருஷனைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"அந்தப் பேச்ச அவளுக்கிட்ட எப்பிடிச் செல்லுற?"

"ஒங்களுக்கு ஏலாட்டி எனக்கு ஏலும்."

சொன்னபடி செய்தார். மறுநாள் மத்தியான லுஹர் தொழுகைக்குப் பிறகு, சகீனா கீரைக்கடைக்குப் போனார். கையில் ஒன்றும் கொண்டு போகவில்லை. எங்கள் பழக்கத்துக்கு அது பெரிய காரியம். வெறுங்கையோடு ஒருவரைப் பார்க்கப் போவது கிடையாது. ஆனால் பலகாரத்தைக் கொடுத்துவிட்டுக் கதை சொன்னால், கதைக்கு விலை கொடுத்தது போலாகிவிடும் என்று அவருக்குத் தோன்றியது. கீரைக்கட்டுகளுக்கு நடுவே ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, இரண்டு வருஷத்துக்கு முந்தின நோன்பில் நடந்த எல்லாவற்றையும் சொன்னார். அந்தப் பையன் சொன்ன சொல்லையும் விடவில்லை. அப்படியே சொன்னார்.

பாப்பம்மா கடைசி வரைக்கும் கேட்டாள். இடையில் வந்த ஒருவருக்கு முருங்கையிலை கட்டிக் கொடுத்தாள். பிறகு சாக்கை எடுத்துக் கீரையை மூடிவிட்டு எழும்பினாள்.

அடுப்படியில் ஃபாஸில் நானா தேங்காய்ப்பால் ஊற்றிக்கொண்டிருந்தார். புகைக்குள் ஆள் வருவது தெரிந்தது. யார் என்று சத்தத்தில்தான் விளங்கியது.

"எவனோ என் வாயப் பத்திப் பேசினானாம். நீங்க அவன வெரட்டினீங்களாம். எல்லாத்தையும் பொத்தி வச்சிக்கிட்டீங்களாம்."

ஃபாஸில் நானா அகப்பையைக் கீழே வைத்தார். "கேக்கக் கூடாத பேச்சு, பாப்பம்மா."

"நான் கேக்காத பேச்சா? தோட்டத்துல கங்காணி வாயில கேட்டிருக்கேன். பஸ்ஸுல கேட்டிருக்கேன். ஏன், எம் மாமியார் பேசாததா? எனக்குப் பதில் பேச வாயி இல்லையா? என்னைப் பத்தின பேச்ச என்கிட்ட மறைக்க நீங்க யாரு?"

ஃபாஸில் நானா அடுப்பிலிருந்து ஒரு விறகை வெளியே இழுத்தார்.

"எம் மவன் அன்னைக்கு அத்தன பேருக்கு முன்னால கேட்டான். நீங்க கல்லு மாதிரி நின்னீங்க. நானும் தலையக் குனிஞ்சிக்கிட்டேன். இவரும் அந்தக் கூட்டம்தானோன்னு நெனச்சேன் நானா. முப்பது வருசமா பாத்த ஆள அப்படி நெனச்சேன். சொல்லியிருந்தா நான் நெனச்சிருப்பேனா?"

அதைச் சொல்லும்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. மரண வீட்டில்கூட அவள் அப்படி அழுததை யாரும் பார்க்கவில்லை என்று சகீனா பிறகு சொன்னார். ஃபாஸில் நானா ஒரு பெட்டியை இழுத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கவிழ்த்து வைத்திருந்த கோப்பையைத் தானே எடுத்தாள், தானே கிடாரத்தில் அள்ளினாள். ஊதினாள். குடித்தாள்.

"எப்பிடி?" என்றார். வாழ்நாளில் எந்தக் கல்யாண வீட்டிலும் அவர் கேட்டறியாத கேள்வி.

"சப்புன்னு இருக்கு. இதத்தானா இத்தன நாளா குடிச்சாங்க? பாவம் ஒங்க ஆளுங்க. இந்தக் கஞ்சிக்கே அவங்களுக்குச் சொர்க்கம் கெடைக்கும்."

இரண்டு கை உப்புப் போனது. திரும்பவும் உப்புப் பார்த்தாள். தலையாட்டினாள். அதோடு வீட்டுக்குப் போவாள் என்று நினைத்தார். கோப்பையை நிரப்பிக்கொண்டு நேரே வாசலுக்குப் போனாள். வெள்ளைக் கொடியையும் பனரையும் தாண்டி, றோட்டைக் கடந்து, ஆட்டோ ஸ்டாண்டில் போய் நின்று, எல்லோரும் பார்க்கக் குடித்தாள். குடித்துக்கொண்டே சிங்களத்தில் தொடங்கினாள். சந்தியில் இருபது ஆட்டோ சத்தத்துக்கு மேலால் கீரை விற்றுப் பழகிய குரல். மூன்று பையன்கள் வந்தது, பேசியது, அகப்பை, பாலம், ஒற்றைச் செருப்பு, பொலிஸ், ஒன்றையும் விடவில்லை. வேறு பானை ஏன் என்று கேட்ட சுதேஷைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, உன் அம்மா மாடு தின்ன மாட்டாளே, அவளுக்காகத்தானடா அந்தப் பானை, என்று ஒரு பிடி பிடித்தாள். அஸ்ஃபரின் பனர் மூன்று மொழியில் சொல்லி நடக்காத காரியம், பாப்பம்மாவின் உடைந்த சிங்களத்தில் நடந்தது.

ஃபாஸில் நானா அடுப்புப் புகைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். தன் புகழைத் தானே பேசிப் பழகியவர். அடுத்தவர் பேசினால் என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

கண்டியிலிருந்து வந்த பஸ் சந்தியில் நின்றபோது மோகனராஜ் அம்மாவின் குரலைக் கேட்டு இறங்கினார். கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு பள்ளி வளவுக்குள் வந்தார். செருப்பை வாசலில் கழற்றினார். அடுப்படிக்கு யாரும் செருப்புக் கழற்றுவதில்லை.

"உண்மையா நானா?"

"உண்மதான்."

"அப்ப அன்னைக்கு ஏன் சொல்லல? நான் அவ்வளவு கேட்டேனே."

ஃபாஸில் நானா அகப்பையால் கிடாரத்தை ஒரு சுற்றுக் கிளறினார். "ஒங்கட ஊட்டுல மையத்து இருந்திச்சி, மகன். அந்தப் புள்ளக்கி முன்னால நிண்டு என்ட பெருமையப் பேசுறதா?"

வெளியே டிரைவர் ஹோர்ன் அடித்தார். மோகனராஜ் அம்மாவுக்காக ஊற்றி வைத்திருந்த தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு போனார். அதில் அவரும் குடித்தாரா என்பது தெரியாது. மறுநாள் சட்டி கழுவித் துடைத்துத் திரும்பி வந்தது. ஃபாஸில் நானா கம்பளைக்குப் பஸ் ஏறியபோது அவருக்குச் சீட்டும் கிடைத்தது.

ஊர் ஒரே நாளில் திரும்பிவிட்டது என்று சொன்னால் பொய். சில சட்டிகள் அந்த வருஷம் வரவில்லை. சில இன்றைக்கும் வரவில்லை. வெள்ளிக்கிழமை அஸ்ஃபர் ஒரு கோப்பை குடித்துப் பார்த்துவிட்டு, அக்குறணை ஆளைப் பற்றிப் பேசாமல், இன்னொரு கோப்பை கேட்டார். அதற்குப் பிறகு நிர்வாகத்தில் எது நடந்தாலும் சந்திக்குத் தெரியட்டும் என்று அவரே சொல்லத் தொடங்கினார்.

முஸ்லிம்கள் வாயே திறக்கவில்லை என்று இன்றைக்கும் கொழும்பில் பெரிய பெரிய மேடைகளில் பேசுகிறார்கள். அவர்களில் ஒருவரையாவது யாரேனும் பாலத்தடிக்குக் கூட்டி வரலாம். வந்தால் ஃபாஸில் நானா சும்மா விடமாட்டார். இப்போது அவருக்கு எழுபது ஆகிறது. அந்தக் கதையை ஒளிக்கிற பழக்கம் அடியோடு போய்விட்டது. கல்யாண வீட்டில் சொல்லுவார், பஸ்ஸில் சொல்லுவார், ஊருக்குப் புதிதாக வந்த பொலிஸ்காரரிடமும் சொல்லியிருக்கிறார். வருஷத்துக்கு வருஷம் கதை வளருகிறது. மூன்று பையன்கள் ஐந்து பேராகி, இப்போது ஏழு பேராகிவிட்டார்கள். துரத்திய தூரமும் பாலத்தைத் தாண்டிக் கம்பளை ஸ்டேஷன் வரைக்கும் நீண்டிருக்கிறது. போன நோன்பில் அவர் அதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது பாப்பம்மா கோப்பையை வாயிலிருந்து எடுத்து, மூணு பேருதான் நானா, என்றாள்.

"நீங்க அண்டைக்கி இருந்தீங்களா?" என்று கேட்டுவிட்டு, அவர் எட்டாவது பையனைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார்.